யாரையாவது உடன் அழைத்து வர விரும்பினால்

1

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நடுத்தர ஊரில், பேருந்து நிறுவனம் ஒன்றில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பிழைப்பு. பஸ் வரவில்லை, வந்தும் நிற்கவில்லை, நின்றும் டிரைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஜனங்கள் எழுதுவார்கள். ‘தாங்கள் எங்களிடம் எதிர்பார்க்க உரிமையுள்ள தரத்தை இம்முறை நாங்கள் எட்டாமல் போனதற்கு வருந்துகிறோம்’ என்று நான் பதில் எழுதுவேன். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து கோயமுத்தூரில் வேலை கற்ற ஒருவன், வெள்ளைக்காரர்களின் சார்பில் வெள்ளைக்காரர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் இதை நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கச் சொன்னார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சம்பிரதாய வாக்கியங்களில் எதை எங்கே போடுவது, எதற்குப் பின் எது வரும் என்பதுதான் பாடம். பாதியில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “இதையெல்லாம் யாராவது நிஜமாகவே படிக்கிறார்களா?” என்று கேட்டாள். மற்ற மூவரும் சிரித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களில் சிலர் என்னை உபகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நினைப்பைக் குறைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

2

இந்த வித்தையை நான் கற்றது கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில், ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஆபீசில். கடிதப் போக்குவரத்து கிளார்க் என்று பெயர். நான் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சொல்லிக்கொடுத்தார்: “கடிதாசி ஒரு பக்கம் இருக்கோணும் தம்பி. விஷயம் ஒரு வரிக்கு மேல இருக்கக் கூடாது.” மீதியை நிரப்பத்தான் வாக்கியங்கள் இருந்தன. ‘வித் ரெஃபரன்ஸ் டு த அபவ்.’ ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ ‘அஷ்யூரிங் யூ ஆஃப் அவர் பெஸ்ட் சர்வீசஸ்.’ மூன்றே மாதத்தில் எனக்கு எல்லாம் மனப்பாடம். பக்கத்து ஆபீஸ்களிலிருந்துகூட என்னிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்தக் காலத்தில் வேலை கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான். ‘தங்கள் விண்ணப்பம் எங்கள் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது. தக்க சமயத்தில் பரிசீலிக்கப்படும்.’ ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்தோம். பேரை மட்டும் நான் டைப் அடிப்பேன். இதற்கு ‘வேலை இல்லை, போய் வா’ என்று பொருள் என்பது எங்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து பழனிச்சாமி என்று ஒருவர், லேத் வேலை தெரிந்தவர், அந்தக் கடிதத்தோடு ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கடிதத்தை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பொருளும் கேட்டு வைத்திருந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று, “ஏனுங் சார், தக்க சமயம் வந்துருச்சுங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் வர்லீங்க” என்றேன்.

“சரீங்க. அப்ப அடுத்த மாசம் வாரனுங்க.”

வந்தார். எட்டு மாதம் வந்தார். ஒவ்வொரு முறையும் சட்டை இஸ்திரி போட்டிருக்கும். பதில் கேட்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். அவர் கேட் தாண்டும்வரை பொறுத்திருந்து நாங்கள் சிரிப்போம். அவருக்குப் பெயரே ‘தக்க சமயம்’ என்றாகிவிட்டது. ஒன்பதாவது மாதம் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேலை இல்லை என்று ஒரே ஒரு முறை அவரிடம் தமிழில் சொல்லியிருந்தால் ஏழு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும். அப்படிச் சொல்வது மரியாதை இல்லை என்று நான் நம்பினேன்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், சம்பிரதாய வாக்கியத்துக்குள் ஒன்றும் இருக்காது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேடுபவன் ஏமாளி என்பதுதான். தவறான பாடம். அதை இங்கே வரைக்கும் சுமந்து வந்தேன்.

3

மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் வந்தவன் நான். வந்த புதிதில் எனக்கு வேலை இல்லை. கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இந்த நாட்டில் மனிதர்கள் பேசுவதைவிடக் கடிதங்கள் பேசுவது அதிகம். வரிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, குப்பைத்தொட்டிக்கு ஒன்று. எல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டே வரும். ‘தங்களுக்கு வசதியான மிக விரைவான நேரத்தில்’ ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லி முதல் வருஷம் ஒன்று வந்தது. நம் வசதியைக் கேட்கிறார்களே என்று மனம் குளிர்ந்து, இரண்டு மாதம் கழித்து வசதிப்பட்டபோது அனுப்பினேன். அதற்குள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: இங்கேயும் அதே கதைதான். மரியாதையைத் தள்ளிவிட்டு, தேதியும் கட்டளையும் எங்கே என்று மட்டும் பார்.

இந்தச் சூத்திரத்தோடு நான் ஊருக்கு உபகாரம் செய்ய ஆரம்பித்தேன். இங்கே நம் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் உண்டு. அவர்களில் மூத்தவர் ஈஸ்வரியக்கா. சென்னிமலைக்காரர். அவருடைய கணவர் நெசவு இயந்திரம் பொருத்தும் வேலைக்கு வந்து, இங்கேயே வீடு வாங்கி, நான்கு வருஷம் முன்பு காலமானார். ஒரே மகன் கனடாவில். அக்கா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறார். பேச்சு இங்கிலீஷ் நன்றாகவே சமாளிப்பார். முந்நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டத் தெரியும். காகித இங்கிலீஷ் என்றால் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வேன். கடிதத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்ப்பேன். “இதெல்லாம் சும்மா அலங்காரமுங்கக்கா. விஷயம் இவ்வளவுதான்” என்று ஒரு வரி சொல்வேன். அக்கா என் மகளைப் பார்த்து, “உங்கப்பன் எப்படிப் புட்டுப்புட்டு வைக்கறாரு பாரு கண்ணு” என்பார். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்பாள்.

மகள் இனியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேசுவாள். ஆனால் அவள் தமிழில் ‘ங்க’ கிடையாது. “அப்பா, நீ வா.” “அப்பா, நீ சும்மா இரு.” ஊரில் என் அப்பாவை நான் அப்படிக் கூப்பிட்டிருந்தால் சோறு கிடைத்திருக்காது. எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தேன். “வாங்க சொல்லு, போங்க சொல்லு.” “அது ரொம்ப ஃபார்மலா இருக்குப்பா, ஏதோ லெட்டர் மாதிரி” என்பாள். நான் மனைவியிடம் புலம்புவேன். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது, நம் மரியாதை இனி அவளிடம் இல்லை என்று.

4

மரியாதை என்றதும் என் அப்பாவின் ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்க என்பார்கள். வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்பார்கள். வயிறு காய்ந்தாலும் வேண்டாமுங்க என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை இலையைப் போட்டுவிட்டுக் கேட்பார்கள். அப்போது, “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவலாம்.

அப்பா ஒரு முறை கோபியிலிருந்து பங்காளி வீட்டுக்குச் சைக்கிளில் போய், நல்ல உச்சி வெயிலில் இறங்கினார். சாப்பிடச் சொன்னார்கள். வேண்டாம் என்றார். மறுபடி சொன்னார்கள். வேண்டாம் என்றார். அதோடு விட்டுவிட்டார்கள். அப்பா பசியோடு சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: “ரெண்டு தடவதான் கேட்டான்.” அந்த வீட்டுக்கு அதன்பின் பத்து வருஷம் அவர் போகவில்லை. காது குத்துக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. நாங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஆக, இந்தக் கணக்கு எனக்குத் தெரியாத கணக்கு அல்ல. எங்கள் பக்கத்து மனிதர்கள் வேண்டாம் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

5

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு. அக்கா மஞ்சள் பையோடு வந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மார்பில் ஏதோ கட்டி என்று ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். மனைவி டூட்டிக்குப் போயிருந்தாள். இனியா மாடியில் இருந்தாள்.

கண்ணாடியைப் போட்டேன். வியாழக்கிழமை, பதினொன்றே கால், இரண்டாவது மாடி. சோதனை முடிவுகளைப் பற்றிப் பேச வரவும். அதற்குக் கீழே ஒரு வரி: ‘இந்தச் சந்திப்புக்கு உறவினர் அல்லது நண்பர் ஒருவரை உடன் அழைத்து வரத் தாங்கள் விரும்பலாம்.’

“வியாழக்கிழமை பதினொண்ணே காலுக்குப் போகோணுங்கக்கா. ரிசல்ட் சொல்லுவாங்க. அவ்வளவுதானுங்க.”

அக்காவின் விரல் அந்தக் கடைசி வரியில் இருந்தது. ‘ஃப்ரெண்ட்’ என்ற வார்த்தை அவருக்குத் தெரியும்.

“இங்க என்னமோ ஃப்ரெண்டுன்னு போட்டிருக்குதுங்களே தம்பி. யாராச்சும் கூட வரோணுங்களா?”

“வரோணும்னு இல்லீங்க. விருப்பப்பட்டா கூட்டிட்டு வரலாம்னு ஒரு மரியாதைக்குப் போடறது. எல்லாருக்கும் இப்படித்தான் போடுவாங்க.”

“ஓ.” விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. “வியாழக்கிழமை உங்களுக்கு வேலை இருக்குமாட்ட இருக்குது.”

“ஆமாங்கக்கா. அன்னிக்கு எங்க மேனேஜர் கூட வருஷாந்திர மீட்டிங்.”

“அந்த ஆஸ்பத்திரி வேற ஒரு ஊராட்டம் பெருசா இருக்குதுங்க. எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் எறங்கறதுன்னே தெரியறதில்லீங்க.”

“வாசல்லயே போர்டு வெச்சிருக்கறாங்கக்கா. அம்புக்குறி போட்டிருக்கும்.”

“அதுஞ் சரிதானுங்க.” கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். “உங்களுக்கு எதுக்குங்க சிரமம். நானே போயிக்கறனுங்க.”

“சரிங்கக்கா” என்றேன்.

அவர் மூன்று முறை கேட்டார் என்பதை இப்போது எழுதும்போது நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அப்போது நான் எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டாவது முறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் லீவு கேட்க வேண்டும், மீட்டிங்கைத் தள்ளி வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதியில் கூச்சத்தோடு உட்கார வேண்டும். அதனால் அவர் வாயால் சொன்ன ‘சிரமம் வேண்டாம்’ என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். ஆங்கிலக் கடிதத்தின் மரியாதையை வெறும் அலங்காரம் என்று தள்ளினேன். தமிழ் மரியாதையை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். எது எனக்கு வசதியோ அந்தப் பொருள். மனைவி நர்ஸ், சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடித இலாகா என்னுடையது என்ற திமிரில் அதையும் கேட்கவில்லை.

6

வியாழன் மாலை ஐந்தரைக்கு இனியா வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக நாலு மணிக்கு வருபவள். முகம் சிவந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, ஈஸ்வரி அத்தைக்கு வந்த லெட்டரை நீதானே படிச்ச?”

“ஆமா. ஏன்?”

“தனியாப் போகச் சொன்னியா?”

அவளுடைய பள்ளிக்கூடப் பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வரும். மூன்றே முக்காலுக்கு அங்கே பஸ் ஸ்டாப்பில் அக்கா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இறங்கியிருக்கிறாள். அக்கா பன்னிரண்டு மணியிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எத்தனையோ பஸ் வந்து போயிருக்கிறது, எங்கள் கம்பெனி பஸ்தான். எதிலும் ஏறவில்லை. இனியா அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், காப்பி போட்டுக் கொடுத்து, மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அத்தைக்கு கேன்சர்ப்பா.”

“அந்த லைன் எல்லாருக்கும் போடறதும்மா” என்று மட்டும் ஏதோ வாய்க்குள் சொன்னேன்.

“அப்பா, டெஸ்ட் ரிசல்டுக்கு யாரையாவது கூட்டிட்டு வான்னு லெட்டர் வந்தா, அது பேட் நியூஸ். என் கிளாஸ்ல யாரை வேணாக் கேளு. எல்லாருக்கும் தெரியும்.” புத்தகப் பையைக் கீழே வைத்தாள். “உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? இதுதானே உன் வேலை?”

மற்றதை மனைவி வழியாகப் பிறகு தெரிந்துகொண்டேன். டாக்டர் முதலில், உங்களோடு யாரும் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். யாரும் வர வேண்டியதில்லை என்று சொன்னார்கள் என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்புக்கு மேஜைமேல் போனை வைத்து, எங்கோ இருக்கும் ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த விஷயத்தை முகம் தெரியாத ஒரு குரல் ஸ்பீக்கரில் சொல்லியிருக்கிறது. “பொட்டி பேசுச்சுங்க அம்மணி. அதுகிட்ட நான் என்னன்னு அழுகறது?” என்றாராம் என் மனைவியிடம்.

மனைவி என்னிடம் சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே, “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க” என்றாள். அவ்வளவுதான்.

சில ஆஸ்பத்திரிகளில் அந்த வாக்கியத்தை எல்லாக் கடிதத்திலும்தான் போடுகிறார்கள் என்று எங்கள் ஆபீசில் ஒருவர் பிற்பாடு சொன்னார். ஒரு நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டிருந்ததும் எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது.

7

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதலில் எழுத உட்கார்ந்தேன். வருத்தம் தெரிவிப்பதில் பதினோரு வருஷ அனுபவம் எனக்கு. பேனாவை எடுத்தால், ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு’ என்றுதான் வருகிறது. தமிழில் எழுதினாலும் அதுதான் வருகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா கதவைத் திறந்து, “வாங்க தம்பி, வாங்க. உக்காருங்க” என்றார். எப்போதும் போலவேதான். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “அக்கா, அன்னிக்கு அந்தக் கடிதாசியில…” என்று ஆரம்பித்தேன்.

“அட, உங்க மேல என்னங்க தப்பு? அவுங்க அப்படிச் சுத்தி வளச்சு எழுதிப்போட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? காப்பி ஆறுதுங்க, குடிங்க.”

குடித்தேன். நான் உங்களோடு வர நினைத்தால் வந்திருக்கலாம், வர மனமில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது: “எதுனாலும் தயங்காமச் சொல்லுங்கக்கா.”

சொன்ன நொடியே எனக்குக் கேட்டது. எங்கள் ஆபீஸ் கடிதங்களின் கடைசி வரி அது. மேற்கொண்டு ஏதேனும் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் தொடர்புகொள்ளவும். அதைப் படித்துவிட்டு யாராவது நிஜமாகவே தொடர்புகொண்டால் நாங்கள் முகம் சுளிப்போம். அக்கா என்னைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தார். பிறகு, “ஆகட்டுங்க தம்பி” என்றார்.

அடுத்த ஞாயிறு மஞ்சள் பை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு நாள் மளிகைக் கடையில் அவரைப் பார்த்தேன். தலையில் துணி கட்டியிருந்தார். கடிதமெல்லாம் வருமே, கொண்டு வாங்களேன் என்றேன். “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வெங்காயம் பொறுக்கப் போய்விட்டார். பெரியவர்கள் வாயில் நான் எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட வார்த்தை அது. அன்றைக்குத்தான் அதற்கு முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

8

இதற்கு மேலும் சும்மா இருக்க முடியவில்லை. மருந்து ஏற்ற அக்கா எப்போது போகிறார் என்று மனைவியிடம் கேட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன், காலை எட்டரை பஸ் என்றாள். கூட யார் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னை ஒரு மாதிரி பார்த்தாளே தவிர, சொல்லவில்லை.

அந்தப் பாடம் எடுத்த திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழன், லீவு போட்டேன். எட்டேகாலுக்கே ஸ்டாப்பில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று இந்த முறை தயாராக இருந்தேன். வேண்டாம் என்பார், கேட்பேன். மறுபடி வேண்டாம் என்பார், மறுபடி கேட்பேன். மூன்றாவது முறை பதிலுக்குக் காத்திராமல் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். என் அப்பாவுக்கு அந்தப் பங்காளி செய்யாததை நான் செய்துவிடுவேன்.

அக்கா தெருமுனையில் திரும்பினார். கூட ஒரு பெண் வந்தாள். தோளில் மஞ்சள் பை. பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வியாழக்கிழமை காலையில் வகுப்பு இல்லை, லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சீக்கிரம் கிளம்பும் என் மகள்தான்.

என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள். இனியா தரையைப் பார்த்தாள். அக்காதான் பேசினார். “அம்மணியைத் திட்டிப்போடாதீங்க தம்பி. நாந்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னனுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு.”

“நான் எதுக்குங்கக்கா திட்டறேன். நானும் உங்க கூட வாரனுங்க.”

“வேண்டாமுங்க. வேலையை விட்டுப்போட்டு எதுக்கு?”

“லீவு போட்டாச்சுங்கக்கா. வாரனுங்க.”

“அங்க வந்தா நாள் பூரா உக்காந்திருக்கோணுங்க தம்பி. நீங்க ஊட்டுக்குப் போங்க.”

“உக்காந்துக்கறனுங்க. எனக்கு ஒண்ணும் சிரமமில்லீங்கக்கா.” பைக்குக் கையை நீட்டினேன்.

“வேண்டாமுங்க தம்பி. இவ இருக்கறா.”

மூன்று ஆகிவிட்டது. கை நீட்டியபடி இருந்தது. இனியா பையைத் தரவில்லை. பட்டையை இன்னும் கொஞ்சம் தோள்மேல் ஏற்றிக்கொண்டாள். பஸ் தூரத்தில் தெரிந்தது. நான்காவது முறையும் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுவது போல் இருந்தது. “அக்கா, ஒரே ஒரு தடவை வாரனுங்க.”

அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. “வேண்டாமுங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நான்காவது முறை யாரும் மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்வதில்லை.

பஸ் வந்து நின்றது. அக்கா கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். பின்னால் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியபடி இனியா ஏறினாள். ஏறியவள் படியில் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது என்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

“அப்பா, நீங்க ஊட்டுக்குப் போங்க” என்றாள். “நாங்க பாத்துக்கறோமுங்க.”

பதினேழு வருஷமாக அவள் வாயால் கேட்க ஆசைப்பட்ட ‘ங்க’. அதை நான் சொல்லிக்கொடுத்து அவள் கற்றுக்கொள்ளவில்லை. அக்காவோடு போய் வந்த பஸ்ஸில் கற்றிருக்கிறாள். எந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றிருக்கிறாள்.

“சரிங்க” என்றேன். கதவு மூடிக்கொண்டது.